அடித்துப் பார்த்தவர்

நடந்தவற்றை வரிசையாக எழுதினால்தான் எனக்குத் தெளியும்.

1. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஈராக்கின் வடக்கே கட்டிக்கொண்டிருந்த ஒரு பள்ளிக்கூடத்தின் படங்களை, அதைக் கட்டிய ஒப்பந்தக்காரருக்கே அனுப்பினோம்.
2. அந்தப் படங்களை எடுத்த யாசினைச் சனிக்கிழமை காலை அவன் வீட்டு வாசலிலிருந்து ஒரு வெள்ளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.
3. ஞாயிற்றுக்கிழமை யாசினின் கைகளைக் காட்டும் ஒரு படம் எங்களுக்கு வந்தது.
4. திங்கட்கிழமை உடல் கிடைத்தது.
5. வியாழக்கிழமை எங்கள் சார் அலுவலகத்தின் கண்ணாடிக் கதவை நாற்காலியால் அடித்து உடைத்தார்.
6. அடுத்த வாரம் சார் ஒரு கடிதம் எழுதினார். அதில் ஒரு வரி பொய்.
7. இரண்டு மாதம் கழித்து சார் என்னைக் கன்னத்தில் அறைந்தார்.

சார் எங்கள் பிரிவின் தலைவர். பெயர் எழுதப் போவதில்லை. அவர் மனைவி இன்னும் நேமத்தில் அதே வீட்டில் இருக்கிறார்.

என் வேலை என்ன என்று சொன்னால்தான் அவரைச் சொல்ல முடியும். ஐரோப்பாவில் ஓர் அரசு, போரில் இடிந்த ஈராக் ஊர்களில் பள்ளிக்கூடங்களும் சிறிய ஆஸ்பத்திரிகளும் கட்டப் பணம் கொடுத்தது. கொடுத்த பணம் சுவராகத்தான் மாறியதா என்று பார்க்க அந்த அரசுக்கு ஒரு கண்காணிப்பு அலுவலகம் உண்டு. அதன் ஆட்கள் எல்லா ஊருக்கும் போக முடியாது. போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை. அதனால் பார்க்கும் வேலையை ஒரு நிறுவனத்திடம் விட்டார்கள். அந்த நிறுவனத்தின் மேசைகள் இங்கே, மலையாளம் பேசும் ஊரான கழக்கூட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டடத்தின் நான்காம் மாடியில் இருந்தன. ஈராக்கில் உள்ளூர் இன்ஜினியர்கள் சுவரைத் தட்டி, தூணைக் கொத்தி, படம் எடுத்து அனுப்புவார்கள். நாங்கள் நான்கு பேர் இங்கே உட்கார்ந்து சரிபார்ப்போம். படம் எந்த இடத்தில் எடுத்தது, எந்த நேரத்தில் எடுத்தது, போன மாதச் சுவரையே இந்த மாதம் வேறு பக்கத்திலிருந்து காட்டுகிறார்களா, தூணுக்குள் கம்பி எத்தனை, எல்லாம் பட்டியலில் ஏறும். நாங்கள் 'சரி' என்று எழுதினால் அடுத்த தவணை போகும். 'இல்லை' என்று எழுதினால் நிற்கும். நின்றால் அங்கே யாருக்காவது கோபம் வரும். அந்தக் கோபக்காரர்களிடம் துப்பாக்கி இருந்தது.

சார் அடிப்பவர். இதை வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. புதிதாக ஓர் அறைக்குள் போனால் முதலில் சுவரை முஷ்டியால் குத்துவார். காதை வைத்துக் கேட்பார், வலது காதை; இடது காது செவிடு. பிறகுதான் உட்காருவார். லிஃப்ட் கதவு, காபி இயந்திரம், பேருந்தின் பக்கவாட்டுத் தகரம், எதையும் விடமாட்டார். கம்ப்யூட்டரில் ஒரு விடையை ஒப்புக்கொள்ளும்போது என்டர் விசையை நடுவிரலால் குத்துவார். அவர் விசைப்பலகைகளில் அந்த ஒரு விசை மட்டும் முதலில் சாகும். "அடிச்சுப் பாக்காம ஆமான்னு சொல்லாத" என்பது அவர் வாயில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வரும்.

வேலைக்கு என்னை எடுத்த நாளில் மேசையின் மேல் மூன்று செங்கல் வைத்திருந்தார். நான் படித்ததை ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து நின்று முதல் செங்கல்லைத் தூக்கித் தரையில் போட்டார். அது உடையவில்லை. இரண்டாவது உடையவில்லை. மூன்றாவது நாலாகச் சிதறி ஒரு துண்டு என் செருப்பில் பட்டது.

"எது சரியில்ல, சொல்லு பிள்ளே."

"தரைதான் சார். டைல் ரெண்டு போயிடுத்து."

குனிந்து பார்த்தார். உண்மையாகவே இரண்டு டைல் விரிசல் விட்டிருந்தது. அதை மறுபடி ஒரு செங்கல்லால் அடித்தார். டைலுக்குக் கீழே வெறும் மணல்.

"இந்தக் கட்டடத்துக்கு யாரு கையெழுத்து போட்டானோ, சவம்" என்றார். "திங்கக்கிழம வந்துரு."

அவருக்குச் சொந்த ஊர் குழித்துறைக்கு அந்தப் பக்கம். இங்கே வந்து முப்பது வருடம் ஆகியும் தமிழில் ஊர் வாடை போகவில்லை. கரமனையில் என் வீட்டில் பேசுகிற தமிழைக் கேட்டால் அவருக்குச் சிரிப்பு வரும். "நீ பேசுறது தமிழா, சாம்பாரா?" என்பார். அரசாங்க வேலையில் பாலங்களைச் சோதித்தவர். ஓய்வு பெற்றதும் ஈராக்குக்குப் போய் நேராகக் கட்டடங்களில் ஏறி இறங்கினார். இரண்டு வருடத்தில் காது போய்த் திரும்பி வந்தார். பிறகுதான் மேசை வேலை.

காது எப்படிப் போனது என்பதை ஒரு தடவை மட்டும் சொன்னார். அலுவலகத்தில் எல்லோருமாக உல்லாசமாகக் கல்லாற்றுக்குப் போன அன்று, வழியில் விதுரையில் ஒரு கடையில் பரோட்டா தின்றுகொண்டிருந்தோம். யாரோ பரோட்டா கல் மாதிரி இருக்கிறது என்றார்கள். அவர் ஒரு துண்டைப் பிய்த்து மேசையில் தட்டினார்.

"இது செரி. அந்தச் செவரு இப்பிடி இருந்தா எனக்குக் காது இருந்துருக்கும்" என்றார்.

அங்கே ஒரு ஆரம்பப் பள்ளி. மறுநாள் பிள்ளைகள் வர வேண்டும். சுவரைத் தட்டியிருக்கிறார், சத்தம் பிடிக்கவில்லை. பூட்ஸ் காலால் உதைத்திருக்கிறார். ஓர் ஆள் உயரச் சுவர் அப்படியே வெளிப்பக்கமாகச் சரிந்து விழுந்தது. காவலுக்கு நின்ற நான்கு பேர் அவரை அதே இடிபாட்டின் மேல் மண்டியிட வைத்தார்கள். ஒருவன் சுவரின் துண்டு ஒன்றை எடுத்து அவர் வாய்க்குள் திணித்து, கையால் பொத்திக்கொண்டான். இன்னொருவன் துப்பாக்கியின் அடிக்கட்டையால் காதோடு சேர்த்து அடித்தான். மூன்று தடவை.

"வலிச்சுதா சார்?" என்று கேட்டான் எங்கள் டிரைவர் ஷிபு. அவனுக்கு அதைத் தவிர வேறு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

"அதெல்லாம் பெறவு. எனக்கு அப்பம் நெனப்பு பூரா வாயில இருந்த துண்டு மேலதான். ரெண்டு நிமிசத்துல கரைஞ்சு போச்சுலே. சிமென்ட் இருந்தா கரையுமா? வெறும் களிமண்ணு."

அறிக்கையில் அதை எழுதினாராம். 'கலவையின் தரம்: வாயில் கரைந்தது' என்று. கண்காணிப்பு அலுவலகம் அது என்ன சோதனை முறை என்று கேட்டு மெயில் போட்டதாம். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை, பரோட்டாவை முடித்தார்.

அன்று மதியமே கல்லாற்றில் அவர் ஒருவரைக் கிட்டத்தட்டக் கொன்றார்.

அதற்கு முன்னால் யாசினைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வயதுதான். அதனால் அவன் என்றே எழுதுகிறேன். இரண்டு பெண் குழந்தைகள். வீடியோவில் பேசும்போது பின்னால் அவை கட்டிலில் குதிப்பது தெரியும். சார் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே நடுவில் தமிழுக்கு மாறுவார். யாசினுக்கு ஒரு சொல் மட்டும் பிடிபட்டுவிட்டது. தூணின் முன்னால் நின்று சுத்தியலை ஓங்கி, "அடி, சார்?" என்பான்.

"அடி."

"அடி?"

"லேய், அடிலே."

அவன் அடிப்பான். காரை உதிரும். அவன் உள்ளே கம்பியைக் காட்டுவான், அல்லது கம்பி இல்லாததைக் காட்டுவான். அந்தப் பள்ளிக்கூடத்தின் பின்கட்டில் அவன் ஆறு தூணைக் கொத்தினான். எட்டுக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருந்தது. ஒரு தூணில் கம்பிக்குப் பதிலாக மூங்கில். மேலே கான்கிரீட் கூரை போட்டாகிவிட்டது. நான் 'இல்லை' என்று எழுதினேன். சார் என்டரைக் குத்தினார்.

கட்டியவர், அந்த ஊரைப் போருக்குப் பிறகு துப்பாக்கியோடு பார்த்துக்கொள்ளும் கூட்டத்தில் ஒருவரின் மைத்துனர். அவருடைய ஆள் ஒருவர் துபாயிலிருந்து வந்திருந்தார். மலையாளி. நாங்கள் கல்லாற்றுக்குப் போவது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை தெரியாது. ஆற்றில் பாறைமேல் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து சாருக்கு வணக்கம் சொன்னார். ஓய்வுக்குப் பிறகு ஒரு ஆலோசகர் பதவி, வீட்டிலிருந்தே வேலை என்று ஏதோ சொன்னார். சார் சுண்டலைத் தின்றுகொண்டு கேட்டார். கோபப்படவில்லை. அப்படி எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள்.

பிறகு அந்த ஆள், "சாரே, ஒண்ணும் வேண்டா. அவிடெ போட்டோ எடுக்குந்ந ஆளுடெ பேரு மாத்ரம் மதி" என்றார். அங்கே படம் எடுக்கிறவரின் பெயர் மட்டும் போதுமாம்.

சார் அவர் பிடரியைப் பிடித்த வேகத்தில் இரண்டு பேரும் தண்ணீருக்குள் போனார்கள். இடுப்பளவு ஆழம்தான், ஆனால் இழுப்பு அதிகம். அந்த ஆற்றில் நின்றுகொண்டே செத்தவர்கள் உண்டு. சார் முழங்காலை அவர் முதுகில் வைத்து முகத்தைக் கீழே அழுத்தினார். கைகள் இரண்டும் தண்ணீரை அடித்தன. ஒரு செருப்பு மிதந்து போனது.

"பேரு வேணுமா? கேளு. தண்ணிகிட்ட கேளு."

தூக்கினார். மூச்சு வாங்க விட்டார். மறுபடி அமுக்கினார். இது மூன்று தடவை நடந்தது. நான் எண்ணினேன், எனக்கு அது ஒரு வழக்கம். நான்காவது தடவை தூக்கவில்லை.

ஷிபு குதித்தான். "விடு சாரே, ஆளு செத்துப்போவும்." நான் சாரின் தலைமுடியைப் பிடித்து இழுத்தேன். நரைத்து ஈரமான முடி, கையில் நழுவியது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். யார் என்று தெரியாத பார்வை. பிறகு விட்டார். அந்த ஆள் பாறையில் கவிழ்ந்து தண்ணீரும் சோறுமாக வாந்தி எடுத்தார். மூக்கிலிருந்து ரத்தம். சார் கரையில் உட்கார்ந்து மிச்சச் சுண்டலைத் தேடினார்.

வண்டியில் திரும்பும்போது சொன்னார்: "பிள்ளே, என்னயக் கொன்னாலும் அந்தப் பேரு என் வாயிலருந்து வராது."

வரவில்லை. வாயிலிருந்து வரவில்லை.

அவரைப் பற்றி எழுதும்போது இந்தக் காட்சி மட்டும் நிற்கக்கூடாது என்று நினைக்கிறேன். பெரிய அறிக்கை ஒன்றை அனுப்பி முடித்த நாட்களில் நான் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைக்கப் போவேன். சார் சர்ச்சுக்குப் போகிறவர், ஆனாலும் கூட வருவார். சாலையிலேயே நின்றுகொண்டு ஒவ்வொருவரும் எறிவதை மதிப்பிடுவார். "அவன் கொஞ்சுறான். தேங்காய் சிரிக்குது பாரு." என் தேங்காய் ஒரு தடவை உடையாமல் குதித்து ஓடியது. அங்கிருந்தே கத்தினார்: "ரிஜெக்டட்." வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நேமத்தில் அவர் வீட்டுக்கும் போயிருக்கிறேன். ஹாலில் சுவர் முழுக்க முஷ்டி அளவில் குழிகள். பூசி, வெள்ளையடித்து, மறுபடி குழி. அவர் மனைவி பழம்பொரி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்: "வீட்டுல ஒரு தட்டு நேரா இல்ல மக்களே. ஆனா ஒரு சத்தியம். என் மேல ஒரு நாளு கை வச்சதில்ல. பிள்ளைய மேலயும் இல்ல. எல்லாம் செவத்துக்கிட்டதான்."

"செவரு திருப்பி அடிக்காதுல்லா" என்றார் சார்.

"திருப்பி அடிச்சாத்தான் ஒங்களுக்குப் புத்தி வரும்."

கல்லாற்றுக்குப் பிறகு ஒப்பந்தக்காரர் கண்காணிப்பு அலுவலகத்துக்குப் புகார் எழுதினார். மருத்துவர் கொடுத்த சீட்டும் இணைத்திருந்தார். சோதிக்கிறவர் எங்கள் ஆளைக் கொல்லப் பார்த்தார், அவருக்கு எங்கள்மேல் பகை, தூண்களின் படங்களே பொய்யாகச் செய்தவை, மூலப் படங்களைக் காட்டட்டும் என்று. கண்காணிப்பு அலுவலகம் அதை எங்களுக்கு அனுப்பி, தகுந்த பதில் தரும்படி சொன்னது. எங்கள் டைரக்டர், ஒரு மலையாளி அம்மா, சாரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார். சார் வெளியே வரும்போதே கதவுச் சட்டத்தில் ஒரு குத்து விட்டார். நேராக என் மேசைக்கு வந்தார்.

"அந்த ஆறு தூணு படமும் எடு. மூலத்தையே அனுப்பு அவனுக்கு. கண்ணு அவியட்டும்."

நாங்கள் வெளியே கொடுப்பது எப்போதும் பிரதிதான். மூலப் படத்துக்குள், வெளியே தெரியாமல், எங்கள் செயலி சில விவரங்களை எழுதிவைக்கும்: இடம், நேரம், எடுத்தவர் செயலிக்குள் நுழையும் பெயர், அதாவது லாகின். யாசின் அதை முழுப்பெயராகவே வைத்திருந்தான், தகப்பன் பெயரும் ஊரும் சேர்த்து.

"சார், மூலத்துல லாகின் இருக்கும். அதை எடுத்துட்டு அனுப்பறேன்."

"எடுத்தா அது மூலமா? மாத்திட்டானுவன்னு சொல்லத்தான காத்துக் கெடக்கான்."

அதுவும் சரிதான். ஒரு விவரத்தை எடுத்தாலும் படம் திருத்தப்பட்டது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

"இல்ல சார், லாகின்..."

மேசையை அடித்தார். என் பேனாக் குவளை கீழே விழுந்து உருண்டது. மற்ற மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அனுப்புன்னா அனுப்பு."

நான் அனுப்பினேன். என் மெயிலிலிருந்து, என் விரலால். நான் செய்திருக்கக் கூடியவற்றை அதற்குப் பிறகு பலமுறை எழுதிப் பார்த்திருக்கிறேன். மூலத்தைக் கண்காணிப்பு அலுவலகத்துக்கு மட்டும் அனுப்பி, அவர்கள் பார்த்துச் சொல்லட்டும் என்றிருக்கலாம். நெட் இல்லை என்று மறுநாள் வரை தள்ளியிருக்கலாம். காலையில் அவர் கோபம் இறங்கியிருக்கும். எல்லாவற்றையும்விட எளியது ஒன்று. 'லாகின்' என்று சொன்னேன். 'யாசின் பேர் இருக்கு சார்' என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் சுத்தியல் தெரிந்தவர். நாங்கள் நாள் முழுக்கப் பேசும் சொல்லுக்குள் ஒரு மனிதன் இருப்பது அவருக்கு அந்த நேரத்தில் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை அவனை ஏற்றிக்கொண்டு போன செய்தியை அங்குள்ள இன்னொரு இன்ஜினியர் சொன்னார். அன்று முழுவதும் சார் போனில் இருந்தார். அங்கே தெரிந்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டார். கெஞ்சினார். அவர் கெஞ்சி நான் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் என் பட்டியலில் ஒரு புது வரி வந்தது. யாசினின் பெயரில் ஏறிய படம். இரண்டு கைகள், ஒரு கான்கிரீட் விளிம்பின்மேல் வைத்து. விரல்கள் எந்தப் பக்கம் மடங்கும் என்பதே தெரியவில்லை. நகங்கள் இல்லை. பக்கத்தில் அவனுடைய சுத்தியல், பிடியில் நீலப் பிளாஸ்டர் சுற்றியது. படத்துக்குள் வழக்கம்போல இடமும் நேரமும் பதிந்திருந்தன. அதை அனுப்பியவர்களுக்கு அது தெரிந்திருக்காது, அல்லது தெரிந்தே விட்டிருப்பார்கள்.

நான் அழவில்லை. அந்த எண்களை வரைபடத்தில் போட்டேன். பள்ளிக்கூடத்தின் வடகிழக்கு மூலை, தண்ணீர்த் தொட்டி. சாரிடம் சொன்னேன். அவர் அங்கே போனில் சொன்னார். திங்கட்கிழமை தொட்டியைத் திறந்தார்கள். கழுத்தில் கம்பி இறுக்கியிருந்தது. தூண்களில் போடாமல் விட்ட கம்பியில் ஒரு துண்டு என்று சார் சொன்னார். அது அவராகச் சொன்னது, எந்த அறிக்கையிலும் இல்லை.

யாசினின் மனைவி இரண்டு குழந்தைகளோடு எல்லை தாண்டித் துருக்கிக்குப் போய்விட்டாள். அந்த ஐரோப்பிய அரசில் ஒரு விதி உண்டு: அவர்களுக்காகச் செய்த வேலையால் ஒருவர் கொல்லப்பட்டால், குடும்பத்தைத் தங்கள் நாட்டில் குடியமர்த்துவார்கள். அதற்கு, வேலையால்தான் சாவு வந்தது என்று வேலை கொடுத்தவர் எழுதித் தர வேண்டும். சார் அந்தக் கடிதத்தைத் தானே அடித்து எடுத்துக்கொண்டு டைரக்டரிடம் போனார்.

"நம்ம ரோல்ஸ்ல, சம்பளப் பட்டியல்ல, அப்படி ஒரு ஆளே இல்லல்லோ" என்றார் டைரக்டர். குரல் கண்ணாடிக்கு வெளியே கேட்டது. "சப் கான்ட்ராக்டருடெ ஆளு. நாம் எழுதிக் கொடுத்தால், நாம் பேரைக் கொடுத்தோம்னு நாமே சம்மதிச்ச மாதிரி. கம்பெனி பூட்டணும். இந்த நாலு பேருக்கு வேலை வேண்டாமா?"

"செத்தவனுக்கு?"

"சார், ப்ளீஸ். அவன் செத்துப்போயி."

சார் வெளியே வந்தார். ஒரு நாற்காலியைத் தூக்கினார். கண்ணாடிக் கதவு முதல் அடியில் விரிசல் விட்டது, இரண்டாவது அடியில் முழுதாகக் கொட்டியது. அவர் நிறுத்தவில்லை. கதவே இல்லாத சட்டத்தை அடித்துக்கொண்டிருந்தார். முன்கையில் சதை தொங்கியது. டைரக்டர் மேசைக்குக் கீழே போய்விட்டார். ஷிபு பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தூக்கி மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோனான். இருபத்தொரு தையல். வேலை அன்றே போனது. டைரக்டர் போலீஸில் சொல்லவில்லை; சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

கையில் கட்டோடு அவர் அந்தக் கடிதத்தைத் தன் பெயரில் எழுதினார். நடந்த எல்லாம் அப்படியே. ஒரு வரி மட்டும்: 'மூலப் படங்களை நானே என் மெயிலிலிருந்து அனுப்பினேன். வேறு எவருக்கும் இதில் பங்கில்லை.' எனக்கு அதை அவர் காட்டவில்லை.

இரண்டு மாதத்தில் யாசினின் மனைவிக்குப் பதில் வந்தது. அவள் அதை எனக்கு அனுப்பி, இது என்ன சொல்கிறது என்று கேட்டாள். அது சொன்னது: கடிதம் எழுதிய அதிகாரியின் மெயில் பதிவை நிறுவனத்திடமிருந்து வாங்கிப் பார்த்தோம். அவர் சொன்ன நாளில் அப்படி எதுவும் போகவில்லை. ஆகவே வேலைக்கும் மரணத்துக்கும் உள்ள தொடர்பு நிரூபிக்கப்படவில்லை.

அன்று மாலையே நேமத்துக்குப் போனேன்.

"நீங்க எழுதினதை அவா தட்டிப் பார்த்துட்டா சார். உள்ளே ஒண்ணும் இல்லை."

அவர் நாற்காலியின் கையை ஒரு தடவை தட்டினார்.

"அனுப்பினது நான். என்கிட்ட அந்த மெயிலோட பிரிண்ட் இருக்கு. நான் எழுதறேன்."

"நீ எழுத மாட்ட."

"அந்தப் பொண்ணுக்கு வேற வழி இல்லை சார்."

"ஒனக்கு இருவத்தாறு வயசு. பேரு போச்சுன்னா எந்த ஆபீஸும் ஒன்னய வாசல்ல ஏத்தாது. அதவிட, அந்தப் பேரு அவனுவ கைக்குப் போகும். ஒன் பேரு. எனக்கு ஒண்ணு போதும் பிள்ளே."

"உங்க வாயாலேயே எத்தனை தடவை சொல்லியிருக்கேள், அடிச்சுப் பாக்காம..."

அப்போதுதான் அறைந்தார். வலது கை, தையல் போட்ட கை. நான் சுவரில் போய் மோதினேன். அவருடைய குழிகளில் ஒன்று முதுகில் குத்தியது. இடது காதில் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் மனைவி ஓடிவந்து எங்கள் நடுவில் நின்றதும், வாய் அசைந்ததும் தெரிந்தது. சத்தம் திரும்பியபோது அந்த அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்: "இத்தன வருசம் செவத்தத்தான அடிச்சீங்க. இப்பம் என்ன? சொல்லுங்க, இப்பம் என்ன?"

சார் தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தையல் தழும்பு சிவந்திருந்தது. "போ பிள்ளே. நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

நான் போனேன். எழுதவில்லை. மூன்று வருடம் எழுதவில்லை. உண்மையை எழுதினால் அவர் பொய் எழுதினார் என்று ஆகும், பென்ஷன் போகும், வழக்கு வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது ஒரு காரணம்தான். எனக்குப் பயமாக இருந்தது. அவர் பொய்யின் நிழலில் எனக்கு வேறு வேலை கிடைத்தது, நல்ல வேலை. அவர் அந்த அரசுக்கு மாதம் ஒரு கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார் என்று பிறகு தெரிந்தது. ஒவ்வொன்றிலும் அதே வரி. வேறு எந்த வரியையும் அவர்களால் தள்ள முடியவில்லை. அந்த ஒன்றைக் காட்டியே எல்லாவற்றையும் தள்ளினார்கள்.

போன மாதம் சார் இறந்தார். தூக்கத்தில் இல்லை. குளியலறையில் விழுந்து, தலை தொட்டி விளிம்பில் அடித்து. குழித்துறைக்கு அப்பால் அவர்கள் சர்ச் கல்லறையில் அடக்கம். கரமனை வீட்டில் சொல்லாமல் போனேன். மண் கெட்டியாக இருந்தது. இரண்டு பேர் கடப்பாறையால் வெகு நேரம் அடித்தார்கள். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இப்போது நிலைமை இது. என் கடிதத்தைப் போன திங்கட்கிழமை அனுப்பினேன், என் முழுப்பெயரில், அந்த மெயிலின் பிரதியோடு. சார் எழுதியதில் எந்த வரி பொய், ஏன் பொய் என்றும் அதில் இருக்கிறது. கிடைத்தது என்று ஒரு வரி பதில் வந்திருக்கிறது, முடிவு வரவில்லை. என் அலுவலகத்திலும் சொல்லிவிட்டேன். விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்றார்கள். சார் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தின் பின்கட்டு பூட்டியே கிடக்கிறது. யாசினின் மனைவிக்கும் இரண்டு பெண்களுக்கும் துருக்கியில் தங்கும் அனுமதி இந்த மாதம் முப்பதாம் தேதி வரை.